பலகையில் இரண்டு பெயர்

போதுமான காலம் வாய் மூடி இருந்துவிட்டேன். பூமணி அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தவர் சொன்னதைக் கேட்ட பிறகும் பேசாமல் இருந்தால், அவரை அறிந்த உங்கள் முகத்தில் விழிக்க எனக்குத் தகுதியில்லை.

செய்தி வந்தபோது நான் வவுனியாவில், அலுவலகத்தில் இருந்தேன். என் மனைவி செல்வி தொலைபேசியில் சொன்னது, "அக்கா போயிட்டாங்க" என்பது மட்டும்தான். பின்னால் அரைக்கும் மெசின் ஓடும் சத்தம் கேட்டது. நிறுத்தவில்லையா என்று கேட்டேன். "காலையில அக்கா வறுத்து வச்ச மிளகாய். அரைச்சிட்டு நிப்பாட்டுறேன்" என்றாள்.

அக்காவின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த முரசுமோட்டையில் குடியேறியது. வயலும் உறுதி எழுதிய சொந்தக் காணியும் அவர்களுக்கு இருந்தன. நாங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பட்டம் பெற்ற பின்னும் இங்கே சிலருக்கு நான் 'தோட்டத்தாற்ற பெடியன்'தான். அதை நான் மறக்கவில்லை. மறக்கும் எண்ணமும் இல்லை. அக்காவின் குசினி அடுப்படியில் செல்வியும் அவரும் சேர்ந்து மிளகாய்த்தூளும் அரிசிமாவும் செய்யத் தொடங்கியபோது, ஊர் செல்வியை வேலைக்காரியாகவே கண்டது.

தூள் வாங்கும் கடைக்காரர் பதிவு கேட்கத் தொடங்கியதும், வியாபாரத்தை எப்படிப் பதிவது என்ற கேள்வி வந்தது. அக்காவின் தம்பியார் அப்போது கிராமச் சங்கத்தின் தலைவர். "சங்கமாப் பதிஞ்சால் உதவித் திட்டக்காரர் மெசின் சும்மா தருவினம் அக்கா" என்றார்.

போருக்குப் பின் நாங்கள் எல்லோரும் செய்த பிழை அது. மெசினுக்காகச் சங்கம் கட்டினோம். மெசின் வந்ததும் பூட்டி வைத்தோம். அப்படி ஒன்று பொது மண்டபத்தில் கறள் பிடித்துக் கிடந்தது. கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு திறப்பு தலைவரிடம், மற்றது பொருளாளரிடம். இருவருக்கும் இடையில் பேச்சுவார்த்தையே இல்லை.

"முதல் உன்ர திறப்பையும் அந்தாளின்ர திறப்பையும் ஒரு கதவடிக்குக் கொண்டு வாடா. பிறகு சங்கம் கதைப்பம்" என்றார் அக்கா.

நான் கம்பனி நல்லது என்றேன். வியாபாரம் நட்டப்பட்டாலும் வீடும் வயலும் தப்பும் என்று விளக்கினேன். "நல்லதுதான் தம்பி. ஆனால் மிளகாய் அரைக்கிற ரெண்டு பொம்பிளையள் வருசா வருசம் கம்பனிக் கடுதாசிக்குப் பின்னால ஓடேலாது" என்று சிரித்தார். தன் பெயரில் மட்டும் பதிவது அவருக்கு மிக லேசு. ஆனால் அப்படிப் பதிந்திருந்தால் செல்வி என்றைக்கும் கூலிக்கு நிற்பவளாகவே இருந்திருப்பாள். அதனால் இருவரும் சொந்தக்காரராகும் பங்குடமை என்று அக்கா முடிவெடுத்தார்.

தம்பியார் துள்ளினார். "வேலைக்கு வந்தவளுக்குப் பங்கெழுதினால் நாளைக்குக் காணியையும் கேப்பாள்!"

"கேட்டால் என்னட்டைத்தானே கேப்பாள். உனக்கேன் வேர்க்குது?"

பங்குடமையில் ஒருவர் வியாபாரத்துக்காகப் பட்ட கடனுக்கு மற்றவரின் சொத்தும் பொறுப்பாகும் என்று சட்டத்தரணி எச்சரித்தார். அக்கா செல்வியை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். "தெரிஞ்சுதான் போடுறன்" என்றார். வயல் வைத்திருந்தவர் அவர். செல்வியிடம் இழக்க எதுவும் இல்லை. அந்தக் கையெழுத்தின் பாரம் என்னவென்று எனக்குத் தெரியும்.

"நான் செத்தால்?" என்றும் கேட்டார். வேறுவிதமாக எழுதாவிட்டால் ஒருவரின் மரணத்தோடு பங்குடமை கலைந்துவிடும் என்றார் சட்டத்தரணி. "அப்ப வேற மாதிரி எழுதுங்கோ." அக்காவின் பங்கு மகளுக்குப் போகும், வியாபாரம் தொடரும், அக்காவின் காணியில் அரைக்கும் கொட்டில் நிற்கும் துண்டு வியாபாரத்துக்குக் குத்தகையில் இருக்கும் என்று எழுதப்பட்டது.

பதிவு செய்யப் போன இடத்தில் எழுதுவினைஞர் செல்வியைக் காட்டி, "இவ உங்களோட வேலைக்கு நிக்கிற பிள்ளையோ?" என்றார்.

"ஓம். நானும் இவவோட நிக்கிறனான். ரெண்டு பேரையும் எழுதுங்கோ."

கொட்டில் வாசல் பலகையிலும் இரண்டு பெயரையும் ஒரே அளவில் எழுதுவித்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் தம்பியார் புதுப் பூட்டோடு அந்த வாசலுக்கு வந்தார். "அக்கா போனதோட இதுவும் முடிஞ்சுது. திறப்பைத் தா."

"முடிய விடாமத்தாங்க அக்கா எழுதிட்டுப் போயிருக்காங்க" என்றாள் செல்வி. அக்காவின் மகள் மாக்கையோடு வெளியே வந்து சொன்னாள்: "மாமா, அந்தப் பூட்டை மண்டபத்துக்குக் கொண்டுபோய்ப் போடுங்கோ. அங்க ரெண்டுதானே கிடக்கு."

அவர் போய்விட்டார். மெசின் ஓடியது.

அதே மனிதர்தான் நினைவுக்கூட்டத்தில், "அக்காவைத் துணிஞ்சு பதிய வைச்சவன் நான்" என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள்.

தெரிந்துகொண்டே தன் வயலைப் பணயம் வைத்து என் மனைவிக்குப் பக்கத்தில் கையெழுத்திட்ட ஒருத்தி இந்த ஊரில் வாழ்ந்தார். எனக்கு இந்த ஊரில் பெருமைப்பட அதிகம் இருந்ததில்லை. இது இருக்கிறது. அந்தப் பேனாவைக் கேட்ட குரலை நான் வைத்துக்கொள்கிறேன்.

நான் யாரென்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கீழே என் பெயர் வராது. வந்தால் கதை அக்காவை விட்டு என் பட்டத்துக்கும் நான் வந்த இடத்துக்கும் போய்விடும். வேண்டிய இரண்டு பெயரும் பலகையில் இருக்கின்றன. மூன்றாவது தேவையில்லை. ஊரின் முகநூல் பக்கத்தில் இதைப் பெயரில்லாமலே போடுகிறேன்.