ஏரி காத்த ஜோதிமணி

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் ஏரிக்கரை வில்லாக்காரர்கள் வரிசையாக ஊருக்குக் கிளம்புவார்கள். கிளம்புகிற அன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு சாமான்கள் ஜோதிமணி வீட்டுக்கு வந்து சேரும். ஒன்று வீட்டுச் சாவி. இன்னொன்று, அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த மிச்சம் மீதி. வளைகுடாவில் இது எழுதாத சட்டம். லீவில் போகிறவர் ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிவிட்டுப் போக வேண்டும், போகாதவர் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவு. வாங்கிக் குப்பையில் கொட்டினால் பாவம்.

ஜோதிமணி ஒரு வருஷமும் போகாதவள். கணவர் பொன்னுச்சாமிக்கு சவூதியில் அல் கோபாரில் கட்டட கம்பெனி ஒன்றில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து, இரண்டு நாள் தூங்கி எழுந்து, திரும்பிப் போகிற மனுஷர். அவருக்கு லீவு குளிர்காலத்தில்தான் கிடைக்கும். அதனால் கோடை முழுக்க ஜோதிமணி, அவள் வீட்டு ஃப்ரிட்ஜ், எதிரே ஏரி, இந்த மூன்றும்தான்.

ஏரி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். துபாயிலிருந்து பாலைவனப் பக்கம் போகிற சாலையில், ஒட்டகம் குறுக்கே வரும் என்று படம் போட்ட பலகையெல்லாம் தாண்டி, ஒரு கம்பெனி பள்ளம் தோண்டி, தண்ணீர் நிரப்பி, மீன் விட்டு, சுற்றிலும் சின்னச் சின்ன வில்லா கட்டி விற்றது. நடுவில் ஒரு நீரூற்று. வாத்துகள் தாமாகவே வந்து குடியேறின. ஷார்ஜாவில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டிகள் மூஞ்சியில் அனல் அடிக்கிற ஃபிளாட்டில் பாதி ஆயுளைக் கழித்தவள் ஜோதிமணி. இங்கே குடிவந்த முதல் நாள், வாசல் படி நாலு இறங்கியதும் தண்ணீர் கிடப்பதைப் பார்த்து அழுதேவிட்டாள். அந்த ஏரி மேல் அவளுக்கு உயிர். அதில் கேலி பண்ண ஒன்றுமில்லை. கேலி பண்ண வேண்டியது அதற்கப்புறம் நடந்ததைத்தான்.

குடியிருப்போர் கூட்டத்தில் கோடைக்கால ஏரிப் பொறுப்பாளர் யார் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் டிக்கெட் போட்டிருந்தார்கள். பொறுப்பு ஜோதிமணி தலையில் விழுந்தது. அவள் அதைக் கிரீடமாக எடுத்துக்கொண்டாள். மறுநாளே ஒரு விசில் வாங்கினாள். வெயில் ஏறுமுன் காலையில் ஒரு சுற்று, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு சுற்று. காரைக் கரையோரம் கழுவினால் விசில். சோப்புத் தண்ணீர் ஊற்றினால் விசில். வாத்துக்கு ரொட்டி போட்ட பிலிப்பைன்ஸ் தம்பதிக்கு ஒரு நீண்ட விசில். மீனைக் கொத்திய கொக்குக்குக்கூட ஒருமுறை ஊதினாள், அது திரும்பிப் பார்த்துவிட்டு மீனை விழுங்கியது.

"ரொட்டின்னா மைதாங்க. மைதா மனுசனுக்கே ஆவாது, வாயில்லா சீவனுக்கு ஆவுமுங்களா?" என்று வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவாள். ஊரில் இருக்கிறவர்கள் மாம்பழம் தின்றபடி அதைக் கேட்டு கைகூப்பும் படம் அனுப்புவார்கள்.

சரி, ஃப்ரிட்ஜுக்கு வருவோம். ஒரு பொம்பளை தின்கிற அளவா அது? ஃப்ரீசரில் அடுக்கினால் ஆகஸ்ட் வரை வரும். இட்லி மாவு, புளித்த தயிர், முந்தாநாள் சாம்பார், கட்டி தட்டிப்போன சோறு, யாரோ ஒருவர் வீட்டுப் பொங்கல். ஜோதிமணி அன்னத்தைக் குப்பையில் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. யோசித்தாள். சாயங்காலச் சுற்று முடிந்ததும் விசிலைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு போசி நிறைய அள்ளிக்கொண்டு படியிறங்கினாள். மீனுக்குப் போட்டால் புண்ணியம். கோயில் குளத்தில் பொரி போடுவதில்லையா? அதே கணக்கு. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கூட்டமாக வந்தன. "மெதுவா, மெதுவா, எல்லாத்துக்கும் இருக்குது சாமி," என்று தினமும் பரிமாறினாள். கோடை தவறாமல், வருஷம் தவறாமல். ரொட்டி மைதா, சோறு அரிசி. அவளுக்குள் ஒரு துளி சந்தேகமும் எழவில்லை. காவலுக்கும் அவளே, விருந்துக்கும் அவளே.

இதில் மதீனா பீவி அக்காவின் கதை தனி. மூன்று வீடு தள்ளி இருக்கிறவர், கீழக்கரைக்காரர். கணவர் செய்கு அலாவுதீனுக்கு துபாய் தேரா கடைவீதியில் பை மொத்த வியாபாரம். ஜோதிமணி குடிவந்த அன்றே ஒரு சட்டி மீன் ஆணத்தை, அவர்கள் பக்கத்தில் குழம்புக்கு ஆணம் என்று பேர், கையில் ஏந்திக்கொண்டு வந்தார். ஜோதிமணி பிறந்ததிலிருந்து சைவம். மூடியைத் திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் எதிரே அக்கா, வியர்வை வழிய, முகம் மலர நின்றிருந்தார். வெட்டவெளியில் தனியாக வந்து இறங்கியவளுக்கு முதலில் கதவைத் தட்டிய மனுஷி. "நல்லா வாசமா இருக்குதுங்கக்கா," என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அக்கா கேட்டார், "எப்படி ஈந்துச்சு புள்ள?"

"அருமைங்கக்கா!"

போச்சு. ஒரு பொய்க்குத் தலையாட்டினால் ஒன்பது பொய்க்கு ஆட வேண்டும் என்பதை அன்றைக்கு அவள் அறியவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு ஜூனும் ஊருக்குப் போகுமுன் அக்கா அவளுக்கென்று தனியாகச் சமைத்து, "தனியா கெடப்பியே, வச்சு வச்சு சாப்புடு" என்று மீன் ஆணமும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போவார். ஜோதிமணி மூக்கைப் பொத்திக்கொண்டு அதையும் மீனுக்கே படைத்தாள். மீனுக்கு மீன் குழம்பு. அக்கா போன் பண்ணிக் கேட்டால், அருமை.

போன ஆகஸ்டில் ஏரி நாறியது. முதலில் ஓரத்தில் பச்சைப் பாசி, பிறகு தண்ணீர் மேல் சவ்வு மாதிரி ஒரு படலம், ஒருநாள் காலையில் மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பராமரிப்பு அதிகாரி மஹ்மூது வந்தார். எகிப்துக்காரர், நல்ல மனுஷர், ஆனால் பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. "மதாம் ஜோதி, நிறைய புகார். மேலிடத்தில் முடிவு பண்ணிவிட்டார்கள். காரணம் தெரியாவிட்டால் தண்ணீரை இறைத்துவிட்டு பிளாஸ்டிக் புல் விரிப்பார்கள். கலாஸ், முடிந்தது கதை."

பிளாஸ்டிக் புல்! ஜோதிமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செத்த மீன்களை வலையால் அள்ளும்போது கண்ணீர் நிற்காமல் வந்தது. அள்ளி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசிலை மாட்டினாள். காரணக்காரன் எவனாக இருந்தாலும் விடுவதில்லை. தோட்டத்துக்கு உரம் போடுகிறவர் மேல் சந்தேகப்பட்டாள். பெயின்ட் அடிக்க வந்தவர்களை மறித்து வாளியை முகர்ந்து பார்த்தாள். குழுவில் குரல் பதிவு பறந்தது: "யாரோ நம்மளுக்குள்ளயேதானுங்க. சோறு போடற ஏரிய நாறடிக்கறவன் வெளங்குவானுங்களா?" அன்றைக்குச் சாயங்காலம் செத்தது போக மிச்சமிருந்த மீன்களைப் பார்த்து மனம் இளகி, ஒரு கை கூடுதலாகவே போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஜனங்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். மதீனா பீவி அக்காவும் வந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை ஏரியின் அடிமண்ணைச் சோதிக்க ஆள் வருவதாக மஹ்மூது சொல்லி, எல்லோரும் கரையில் கூடினார்கள். படகில் போன ஆட்கள் அங்கங்கே நீண்ட கம்பு வலையை விட்டு இழுத்தார்கள். மற்ற இடத்திலெல்லாம் மணல். ஜோதிமணி வீடும் அக்கா வீடும் இருக்கிற பக்கம் இழுத்தபோது மட்டும் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று கூழ் ஏறியது. நாற்றம் எல்லோரையும் இரண்டடி பின்னால் தள்ளியது. கூழுக்குள் கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, மீன் முள்.

"இது வீட்டுச் சாப்பாடு," என்றார் மஹ்மூது. "வருஷக்கணக்காக யாரோ கொட்டியிருக்கிறார்கள். அது அழுகித்தான் தண்ணீரில் காற்று இல்லாமல் போயிருக்கிறது."

ஜோதிமணி அந்தக் கூழையே உற்றுப் பார்த்தாள். சோறா? அரிசிச் சோறா இத்தனையும் பண்ணியது?

அப்போது வலையில் இன்னொன்று பளபளத்தது. ஒரு எவர்சில்வர் மூடி. மஹ்மூது அதைக் கழுவித் திருப்பிப் பார்த்தார். நம் ஜனங்கள் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்கள் அல்லவா? மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து.

"மதாம் ஜோதி, இது உங்கள் பாஷைதானே? படியுங்கள்."

படித்தாள். வேறு வழி? "செ.அ. மதீனா பீவி."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா மூடியை வாங்கிப் புரட்டினார். "என் மூடிதான். இங்கன எப்படி வந்துச்சு? அல்லாவே, நான் ஜூன்லேந்து ஊர்லயில்ல ஈந்தேன்?" யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. மீன் முள்ளும் பெயரும் பொருந்திப் போயின. பின்னால் ஒருவர், "அக்கா வீட்லதான தினம் மீனு," என்று முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

மஹ்மூது முகம் தெளிந்தார். "நல்லது, காரணம் கிடைத்துவிட்டது. அந்த வீட்டுக்கு எச்சரிக்கை கொடுக்கிறேன். இனி கொட்டாவிட்டால் ஏரி இருக்கும்."

ஏரி பிழைத்தது. ஜோதிமணி சும்மா நின்றாலே போதும். பொறுப்பு இருக்கும், விசில் இருக்கும், அக்காவின் சட்டியும் வருஷாவருஷம் வரும். அக்கா அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, தன் வீட்டு வேலைக்காரி முகத்தையும் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை.

"நாந்தானுங்க," என்றாள் ஜோதிமணி.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னாள். "நாந்தான் கொட்டுனேனுங்க. எல்லார் வூட்டு சோறும். புண்ணியம்னு நெனச்சுப் பண்ணிப்போட்டேன். மூடி கை நழுவி உளுந்துருச்சு." மஹ்மூதுக்கு அரைகுறை ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள். பிறகு அக்கா பக்கம் திரும்பினாள். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "அக்கா, நீங்க குடுத்ததும் அதுலதானுங்க. நான் சைவமுங்க. ஒருநாளும் ஒரு வாய் திங்கலீங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள், விசில்காரியே மாட்டிக்கொண்டாள் என்று. அக்கா சிரிக்கவில்லை. "ஒனக்குன்னு நோம்பு வச்ச வாயோட நின்னு ஆக்கியிருக்கேன் புள்ள," என்றார். அவ்வளவுதான். மூடியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எச்சரிக்கை ஜோதிமணி வீட்டுக்கு வந்தது. விசிலைக் கழற்றிக் குடியிருப்போர் கமிட்டியிடம் நீட்டினாள், யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் இனி ஃப்ரிட்ஜ் மிச்சத்துக்கு என்ன வழி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஜோதிமணியே ஒரு யோசனை சொன்னாள்: லீவில் போகாதவர்கள், வந்து சேர்ந்தவர்கள், தோட்டக்காரர், காவலாளி எல்லோரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரையில் கூடி இருப்பதைச் சூடுபண்ணிச் சாப்பிட்டு முடிப்பது. அடுத்த கோடை வரை பொறுப்பானேன் என்று அந்த வாரமே தொடங்கியது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள் ஒரே தட்டில் பொங்கலும் அரபு ரொட்டியான குப்பூஸும் பிட்டுத் தின்றார்கள். தண்ணீர் மெல்லத் தெளிந்தது. ஜோதிமணி பரிமாறினாள், சிரித்தாள், மூன்று வீடு தள்ளி விளக்கு எரிகிற ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டலாம் என்று இரண்டு தரம் பாதி வழி போய்த் திரும்பினாள். போனில் பொன்னுச்சாமி, "உட்டுத்தள்ளு, ஆறும்," என்றார். அவருக்கு என்ன, தூங்குகிற மனுஷர்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். கையில் சட்டி. யாரிடமும் பேசாமல் நேரே வந்து ஜோதிமணிக்கு எதிரில் அமர்ந்தார்.

"பருப்பு ஆணம். மீனில்ல, மாசியில்ல. சட்டி கரண்டி எல்லாம் புதுசு. என் கண்ணு முன்னாடி சாப்புடு."

ஜோதிமணி தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

"எப்படி ஈக்கிது?"

'அருமைங்கக்கா' என்பது நாக்கு நுனிவரை வந்தது. பழகிய நாக்கு. அவள் சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினாள்.

"உப்பு கொஞ்சம் சாஸ்தியாப் போச்சுங்கக்கா."

அக்கா அவளையே பார்த்தார். பிறகு சட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது. இன்னொரு சொட்டு. சந்தேகமே இல்லை, உப்பு அள்ளிக் கொட்டியிருந்தது.

"இத்தன வருசமா தின்னுச்சுவளே," என்று ஏரிப் பக்கம் கையை நீட்டினார் அக்கா, "அந்த மீனுவ ஒண்ணாவது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிச்சா பாரு!"

சொல்லிவிட்டுத் தயிர்க் கிண்ணத்தை ஜோதிமணி பக்கம் நகர்த்தினார்.