டார்கெட் தாண்டிய அணுக்கள்

எங்கள் இருவருக்கும் எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிய பிறகு என் கணவருக்கு நோயை எதிர்க்கும் சிடி4 அணுக்கள் நன்றாக ஏறின. ஒரகடம் கம்பெனி சூப்பர்வைசர் அல்லவா, நோயையும் உற்பத்தி லைன் கணக்கில்தான் பார்த்தார்.

"டார்கெட் தாண்டிட்சு. இனிமே மாத்திரை இன்னாத்துக்கு?"

கிருமியோடு மல்லுக்கட்டும் சிடி8 அணுக்கள் இன்னும் மிகுதியாகவே இருக்கின்றன, இரண்டும் சமநிலைக்கு வரவில்லை, நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும் என்று டாக்டர் சொன்னது அந்த மேதாவியின் மண்டையில் ஏறவில்லை. நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று பயந்து நர்சிடம் திரும்பக் கேட்டேன். தப்பில்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் முன் மாத்திரையை நீட்டினேன்.

"லைன் நல்லா ஓடுதுன்னு சூப்பர்வைசர வூட்டுக்கு அனுப்பிடுவாங்களா?"

"அதெப்டி? நான் இல்லேன்னா அத்தினியும் நாறிடும்."

"அப்போ முழுங்குங்க."

முறைத்துக்கொண்டே முழுங்கினார்.