எல்லாப் படத்துக்கும் ஒரே பெயர்

2009 கடைசியில், லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இருந்து, வேலை பறிபோன என் மருமகள் புதிதாக ஒன்று படித்தாள். இவ்வளவு காலமும் இணையப் பக்கங்களுக்குள் மட்டும் ஓடிய ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியை இனி வெளியே எடுத்து, கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைத் திறக்கவும் பெயர் மாற்றவும் வைக்கலாமாம்.

"வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தது வெளிக்கிட்டிட்டுது எண்டு சொல்லு. அது என்னைவிடக் கெட்டிக்காரி," என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறென்ன விளங்கும்?

பழகிப் பார்க்க அவளுக்கு ஃபைல்கள் வேண்டும். காலமான என் மனுசனின் படங்களெல்லாம் அவளுடைய லாப்டாப்பில்தான் இருந்தன, கமரா போட்ட வெறும் இலக்கங்களோடு. ஆண்டு நினைவுப் பூசைக்கு அட்டை அடிக்க நல்ல படம் ஒன்றும் தேடவேண்டியிருந்தது. படத்தில் யாரென்று நான் சொல்ல அவள் எழுதுவாள். பிறகு அவளுடைய புரோகிராம் ஒரேயடியாகப் பெயர்களை மாற்றும்.

"முதல்ல எல்லாத்தையும் கொப்பி எடுத்து வைக்கிறன் மாமி."

"ஏன் பிள்ளை, என்ர மனுசன் இனி எங்க ஓடப்போறார்? தேத்தண்ணி ஆறுது, துவங்கு."

சிரித்துக்கொண்டே தொடங்கினாள்.

"இதில ஆர் மாமி?"

"இவர்."

"இதில?"

"இவர்தான்."

"மாமான்ர பேரைச் சொல்லுங்கோவன்."

"கட்டின நாளிலயிருந்து சொல்லாத பேரை இனியோ சொல்லப்போறன்? இவர் எண்டே போடு."

"எல்லாத்துக்கும் ஒரே பேரோ? கம்ப்யூட்டர் கேள்வி கேக்கும் மாமி."

"கேட்டா நான் பதில் சொல்லுறன்."

அவள் புரோகிராமை ஓடவிட்டாள். அது கேட்கவில்லை. முதல் படத்துக்கு வைத்த பெயரையே அடுத்ததற்கும் வைத்து, பழையதை அழித்து அழித்துப் போயிற்று. கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு படம். அதில் அவருக்கு வாய் நிறையப் பிட்டு, கண் அரைவாசி மூடியிருந்தது. கமராவின் கார்ட்டை நாங்கள் எப்போதோ அழித்துத் திரும்பப் பாவித்திருந்தோம்.

மருமகளுக்கு முகம் வெளிறிவிட்டது. "ஷிப்ட் முடிஞ்சு இவர் வந்தா என்ன சொல்லுவன்?" என் மகனைத்தான் சொன்னாள்.

அவன் கோட்டைக் கழற்ற முதலே நான் முந்திக்கொண்டேன். "தம்பி, அப்பான்ர படமெல்லாம் அழிஞ்சுபோச்சு. அவளை ஏசாதை. கொப்பி எடுக்கப் போனவளை மறிச்சது நான்."

அவன் யாரையும் ஏசவில்லை. மேசைக்கு முன்னால் இருந்து அந்த ஒற்றைப் படத்தையே பார்த்தான்.

"அப்பா சிரிக்கிற படம் ஒண்டும் மிஞ்சேல்லையோ அம்மா?"

"இல்லை ராசா."

எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் வாய் என்னுடையது. மருமகள் அவனுக்குச் சோறு போட்டாள். நான் இருவருக்கும் முதுகைக் காட்டி நின்று, கழுவிய பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினேன்.