நான் அமுக்காத பட்டன்

என் மனைவியைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனவன் நான்தான். அவள் காதில் ஒரு கோளாறும் இல்லை என்பது அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் டோக்கன் வாங்கினேன், ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்தேன், தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கொடுத்தேன். இப்படிப்பட்ட ஆளுக்கு என்ன பெயர் வைப்பது? வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், தினமும் ஒன்று.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் கிறிஸ்தவ சபையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கீபோர்டு வாசிக்கிறேன். பிழைப்பு தாம்பரத்தில், ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. சங்கீதத்தை யாரிடமும் முறையாகக் கற்றவனில்லை. என்னைப் போன்ற கோயில் கீபோர்டுக்காரர்கள் நிறையப் பேருக்கு ஒரு ரகசியம் உண்டு. எங்கள் விரல்களுக்கு ஒரே ஒரு ஸ்ருதிதான் தெரியும். பாடுகிறவருக்கு இன்னும் உயரமாக வேண்டுமென்றால் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை இரண்டு தட்டு தட்டினால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும், சத்தம் மட்டும் இரண்டு படி மேலே போய்விடும். பாட்டுக்கு நடுவில் ஸ்ருதி ஒத்து வரவில்லையா, ஒரு நொடி நிறுத்தி, பட்டனைத் தட்டி, புதுச் சுரத்தைக் காட்டிவிட்டுத் தொடர்வோம். சபையில் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அது அங்கே சகஜம்.

என் மனைவி அதே சபையின் பாடகர் குழுவில் இருந்தாள். புனித வெள்ளி மதியம் சிலுவையின் ஏழு வார்த்தைகளைத் தியானிப்பார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பிரசங்கம், ஒரு பாட்டு. நான்காம் வார்த்தைக்குப் பிறகு வருகிற பாட்டு வருஷா வருஷம் அவளுடையது. தனியாகப் பாடுவாள், நான் மட்டும் பின்னால் வாசிப்பேன். வேறு எதையும் அவள் தனக்கென்று கேட்டதில்லை. அந்தப் பாட்டுக்காக ஒரு மாதம் ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டி ஜாஸ் கற்றுக்கொள்ளக் கிளம்பினான்.

கோவிலம்பாக்கத்தில் ஒரு நண்பன் இருக்கிறான், என் வயதுக்காரன். வங்கியில் வேலை, பேஸ் கிட்டார் வாசிப்பான். கீழ்க்கட்டளையில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, டிரம்ஸ் வாசிக்கிற ஒரு கம்ப்யூட்டர்காரரோடு சனிக்கிழமை மதியங்களில் ஜாஸ் பழகிக்கொண்டிருந்தான். கீபோர்டுக்கு ஆள் இல்லை என்று என்னைக் கூப்பிட்டான். போனேன்.

வெளியிலிருந்து பார்த்தால் அது எளிமையான விளையாட்டு. ஒரு பாட்டை எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை வாசிப்போம். பிறகு அந்தப் பாட்டின் கார்டுகள், அதாவது ஒரே நேரத்தில் சேர்த்து அமுக்குகிற சுரக் கொத்துகள், அடியில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் ஒவ்வொருவராக, அந்த நேரத்தில் தோன்றுவதை வாசிக்க வேண்டும். மனப்பாடம் செய்தது ஆகாது, போன வாரம் நன்றாக வந்தது என்று அதையே எடுத்துவிடவும் கூடாது. என் முறை முதன்முதலாக வந்தபோது அதே பாட்டைத் திரும்ப வாசித்தேன்.

நண்பன் கிட்டாரை நிறுத்தினான். “இன்னா மச்சான், பாட்டையே திருப்பி வாசிச்சிக்கினு கீற? அது எங்களுக்கே தெரியும். நீ இன்னா சொல்றே, அத்தச் சொல்லு.”

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டியவன் தன்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று ஒரு பெயின்ட் கடை மாடியில் கண்டுபிடிப்பது அவ்வளவு சந்தோஷமான விஷயமில்லை. அன்றைக்கே அவன் இன்னொன்றையும் பார்த்துவிட்டான். “இன்னாது, பட்டன அமுக்கி ஓட்டினு கீறியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டிரம்ஸ்காரரும் சிரித்தார். அந்த அறைக் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார்கள். இனி எல்லா ஸ்ருதியிலும் விரலாலேயே வாசிக்க வேண்டும்.

ரோஷம் வந்தது எனக்கு. காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வீட்டில் மாதக்கணக்கில் உட்கார்ந்தேன். தப்புச் சுரம் விழுந்தால் பதறாமல் அதையே திரும்பவும் வாசி, அது உன்னுடையதாகிவிடும் என்றார் டிரம்ஸ்காரர். அதையும் பழகினேன். இரண்டு மூன்று சுரம் போட்ட இடத்தில் ஐந்து சுரம் போட்டு, ஒரு ஸ்ருதியிலிருந்து இன்னொன்றுக்குப் படிப்படியாக நழுவி இறங்கக் கற்றேன். ஒரு சனிக்கிழமை யாரும் எதிர்பார்க்காத இடத்தில் போய் நின்று, அங்கிருந்து தாளம் தவறாமல் திரும்பி வந்தேன். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். ஐயோ, அந்தச் சுகம்! மேடவாக்கம் ரோட்டில் பைக்கில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

சபையிலும் கை சும்மா இருக்கவில்லை. கீர்த்தனைகளுக்கு அடியில் புதுக் கார்டுகளைச் சொருக ஆரம்பித்தேன். என் மனைவி ஒத்திகையிலேயே சொன்னாள்: “என்னங்க, நீங்க என்ன வேணா வாசிங்க. ஆனா சரணம் ஆரம்பிக்கிற இடத்துல எனக்கு என் சுரம் தெளிவா வேணும். அங்க உங்க மசாலாவைப் போடாதீங்க.” சரி என்றேன். அப்போது நிஜமாகவே சரி என்றுதான் சொன்னேன்.

அந்தப் புனித வெள்ளிக்கு நண்பனும் டிரம்ஸ்காரரும் வந்திருந்தார்கள். அவர்கள் கும்பிடுகிற சாமி வேறு. இருந்தாலும் நான் வாசிப்பதைக் கேட்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதல் மூன்று பாட்டுகளையும் சபையின் கீபோர்டுக்காரர் இன்னொருவர் வாசித்துவிட்டு எழுந்தார். நான் போய் உட்கார்ந்தேன். அவர் பட்டனை இரண்டு படி மேலே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பழைய நானாக இருந்தால் முதல் வேலையாக அதைத்தான் பார்த்திருப்பேன். பட்டனைத் தொடுவதே கேவலம் என்று ஆனபிறகு அந்தப் பக்கமே கண் போவதில்லை.

முன்னிசை வாசித்தேன். அவள் பல்லவியை எடுத்தாள். அவள் கழுத்து நரம்பு இறுகுவதைப் பார்த்த பிறகுதான் கீபோர்டின் குட்டித் திரையில் ‘2’ என்ற எண்ணைப் பார்த்தேன். பல்லவியை எப்படியோ சமாளித்துவிடுவாள். சரணத்தின் உச்சி இரண்டு படி மேலே போனால் அவளுக்கு எட்டாது. எனக்கு நேரம் இருந்தது. பல்லவி முடிந்ததும் ஒரு நொடி நிறுத்திப் பட்டனைத் தட்டியிருந்தால் முடிந்தது கதை. கை பட்டன்வரை போகவும் போனது. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை இழுத்துக்கொண்டேன்.

பட்டன் எதற்கு, விரலாலேயே இறக்கிக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் அந்த ஐந்து சுரக் கார்டுகளாகக் கோத்து, நழுவி நழுவி, சரியான ஸ்ருதியில் கொண்டுவந்து இறக்கினேன். கணக்கு துளி பிசகவில்லை. அவளுடைய சுரமும் அந்தக் கடைசிக் கார்டுக்குள் இருந்தது, நான்கு பேருக்கு நடுவில் மறைந்து நின்றது. அவள் வாயைத் திறந்தாள். வேறெங்கோ விழுந்தாள். நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தாள், அதுவும் விழுந்தது. வெள்ளைப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சபை முழுக்க ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. போதகர் எழுந்து ஜெபத்தை ஆரம்பித்தார்.

வாசலில் நண்பன் என் தோளைத் தட்டினான். “செம மச்சான். நடுவுல கீழ எறங்கினியே, பின்னிட்ட. பாவம், சிஸ்டருக்குத்தான் தொண்டை புடிச்சிக்கிச்சு போல.”

“ஆமா” என்றேன்.

கேட்டவர்களிடமெல்லாம் அவளும் தொண்டை என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு என்னிடம் வேறு சொன்னாள். “தொண்டை நல்லாதான் இருந்துச்சுங்க. எனக்கு சுரமே கேக்கல. நீங்க குடுத்திருப்பீங்க, எனக்குத்தான் கேக்கல. எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது.”

அவள் அம்மாவுக்கு ஐம்பதுக்குள் காது போய்விட்டது. கடைசி வருஷங்களில் நாங்கள் பேசும்போது உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தப் பயத்தை நான்தான் தூக்கி என் மனைவி மடியில் போட்டேன். போட்டுவிட்டு, “அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, தூங்கு” என்றேன்.

பாடகர் குழு அங்கியைத் துவைத்து, இஸ்திரி போட்டுச் சபையில் திருப்பிக் கொடுத்தாள். சமையலறையில் முணுமுணுக்கிற பாட்டும் நின்றது. “டிவி சத்தம் உங்களுக்குக் கரெக்டா இருக்கா?” என்பாள். “மோட்டார் நின்னுடுச்சா, ஓடுதா?” என்பாள். நான் பதில் சொன்னதும், தனக்குக் கேட்டதும் அதுவும் ஒன்றுதானா என்று மனசுக்குள் சரிபார்ப்பது முகத்தில் தெரியும். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். சோறு வைப்பாள், சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்த நாட்களில்தான் நான் நன்றாக வாசிக்க ஆரம்பித்தேன். சனிக்கிழமை என் முறை வந்தால் விரல்கள் தயங்கித் தயங்கி, பாதியில் நின்று, மறுபடி எடுத்து, என்னென்னவோ பேசின. நண்பன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இப்பதான் மச்சான் நீ ஏதோ சொல்றே” என்றான். அவளிடம் சொல்ல வேண்டியதை நான் கீழ்க்கட்டளையில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்தது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

டாக்டரிடம் போக வேண்டும் என்று அவளே சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளை உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எனக்கு இந்தப் பக்கம் எதுவும் கேட்காது, அவள் விரல் தூக்குவது மட்டும் தெரியும். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து நின்றேன்.

“காது ரெண்டும் நல்லா இருக்கும்மா” என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவள் முகம் இன்னும் வாடியிருந்தது. “அப்போ குரல்தான் போயிருக்கு. தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாப்பாங்களாமே. அடுத்த வாரம் லீவு போடுறீங்களா?”

வண்டியை எடுக்காமல் நின்றேன். பக்கத்து ஜூஸ் கடை பெஞ்சில் உட்காரச் சொன்னேன். சொன்னேன். பட்டன், இரண்டு படி, கை அதுவரை போனது, கடைசி பெஞ்ச், எல்லாவற்றையும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முதலில் கேட்டது, “அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“இல்ல.”

“நிஜமா?”

“நிஜமா.”

அப்படியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஜூஸ் கடைக்காரர் கேட்காமலே டிஷ்யூவை நீட்டினார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். “கடைசி பெஞ்சுல இருந்தவங்களுக்காகவா?”

“ஆமா” என்றேன்.

“அவங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சீங்க. சரி. அப்புறம் இத்தனை மாசமா வீட்டுலதானே இருந்தேன்? மோட்டார் ஓடுதா, நின்னுடுச்சான்னு உங்களைத்தானே கேட்டுட்டு இருந்தேன்? அப்போ யார் பாத்துட்டு இருந்தாங்க?”

 

ஜாஸை விட்டுவிடுகிறேன் என்றேன். “விடாதீங்க” என்றாள் வெடுக்கென்று. “விட்டா அந்தப் பழியும் என் தலையிலதான் விழும். போங்க, வாசிங்க. ஆனா நான் பாடினா நீங்க வாசிக்க வேணாம்.” சனிக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். அவள்தான் மணியைப் பார்த்து ஞாபகப்படுத்துகிறாள். அங்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அவள் பாடும் பாட்டுகளுக்கு, புனித வெள்ளியில் எனக்கு முன்னால் வாசித்த அந்த இன்னொருவர் வாசிக்கிறார். நான் ஆண்கள் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். மூன்றே கார்டு போடுவார். அவள் நன்றாகப் பாடுகிறாள்.

போன மாதம் சபைக் குடும்பம் ஒன்று புது ஃபிளாட் வாங்கி வீட்டு ஜெபம் வைத்தது. அவளைப் பாடச் சொன்னார்கள். அந்த இன்னொருவர் வரவில்லை. எங்கள் விஷயம் தெரியாத வீட்டுக்கார அக்கா, “அதான் தம்பி இருக்காரே” என்று கீபோர்டை இழுத்து என் முன்னால் வைத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “ஒரே ஒரு சுரம் குடுங்க. குடுத்துட்டுக் கையை எடுத்துடுங்க” என்றாள்.

திரையில் எண் பூஜ்யமாக இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். கொடுத்தேன். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முன்னால் கீபோர்டும் மடியில் கையுமாக, கூடம் நிறைந்த ஆட்களுக்கு நடுவில், அவள் பாடி முடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.