பதக்கம் குத்திய அப்பா

ஹம்பேர்க்கில் நாங்கள் இருந்த மாடிக் கட்டிடத்தில் இரண்டு பேருக்குள் பேச்சே கிடையாது. மூன்றாம் மாடி அன்ரி லிஃப்டுக்குள் நின்றால், ஐந்தாம் மாடிக் கிழவர் முழங்கால் நோவோடு படியேறிப் போவார். இருவரும் யுகோஸ்லாவியா ஆட்கள். அவர் சேர்பியர், அன்ரி பொஸ்னியாக்காரி. அந்த நாடு இப்போது இல்லை என்று அப்பா சொல்லியிருந்தார். ஒரு நாடு எப்படித் தொலையும் என்று எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அந்த நத்தார்ப் பண்டிகைக்கு அம்மா றோல்ஸ் பொரித்து, அயலுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். முதலில் அன்ரி வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரு பெரிய படம். வெள்ளைச் சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கம். பிறகு கிழவர் வீடு. அங்கேயும் அதே மனிதர், அதே பதக்கங்கள்!

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் இயேசுவுக்கும் செத்துப்போன அப்பப்பாவுக்கும் மட்டும்தான் இடம். பதக்கம் குத்தியவர் இயேசுவாக இருக்க முடியாது. ஆகவே அவர் இவர்களுடைய அப்பா. இவர்கள் கூடப்பிறந்தவர்கள்! சொத்துச் சண்டையாகத்தான் இருக்கும். சேர்த்துவைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன்.

தட்டைக் கிழவரின் கையில் திணித்துவிட்டுப் படியால் பாய்ந்தேன். அன்ரியின் கையைப் பிடித்து இழுத்து வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் சகோதரங்கள்! ஒரே அப்பா!" என்று ஜெர்மனில் கத்தினேன்.

இருவரும் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அன்ரிதான் முதலில் சிரித்தார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை, எங்களுக்கும் பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் சொல்லித் தந்தவை" என்றார். பிறகு கோப்பி வந்தது. றோல்ஸைக் கடித்தபடி தங்கள் பாஷையில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஓடிப்போய் அப்பாவிடம் அளந்தேன். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது அவையின்ர தலைவரடி! பெரிய யுத்தத்துக்குப் பிறகு அத்தனை இனத்தையும் ஒண்டா வைச்சிருந்தவர். அவர் செத்தாப்பிறகு எல்லாரும் அடிபட்டுப் பிரிஞ்சிட்டினம்."

"அப்ப நாங்களும் சிங்கள ஆக்களும் சேந்து ஆரின்ர படத்தைச் சுவரில கொழுவுறது, அப்பா?"

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"அம்மா கூப்பிடுறா, போ" என்றார்.

அம்மா வேலைக்குப் போனதை அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, குசினிக்குப் போய் மிச்ச றோல்ஸைத் தின்றேன்.