நாலு பேட்டரியில் ஓர் இங்கிலீஷ் கச்சேரி

வெயிலில் காய்ந்த பேட்டரியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா பிள்ளைகளே, வேகவைத்த முட்டையைப் போலச் சூடாக இருக்கும். செஞ்சிக் கோட்டை மலையடியில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறையில் அம்மா "மல்லாட்டை" காயப்போடுவார். அந்த வேர்க்கடலைக்கு நடுவே மல்லிகா அக்காவும் நானும் நாலு பேட்டரிகளைப் படுக்க வைத்துவிட்டுக் காவல் இருப்போம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவின் டார்ச் லைட்டில் எரிந்து ஓய்ந்த பேட்டரிகள் அவை. வெயில் பட்டால் கொஞ்சம் உயிர் வரும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். எங்கள் டேப் ரெக்கார்டரின் ஒயரை எலி கடித்துவிட்டதால், அந்த உயிரில்தான் அது பாட வேண்டும்.

என்ன பாட்டு என்கிறீர்களா? அத்தை மகன் ஏழுமலை மாமா பாண்டிச்சேரியில் ஓர் ஓட்டலில் வேலை பார்த்தார். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு பெட்டி நிறையக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரே குழு பாடியவை, முதல் கேசட்டிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல். மாமா அதை எங்கள் வீட்டில் வைத்து, "ஆடி அமாவாசைக்கு வந்து எடுத்துக்கறேன், அதுக்குள்ள கேட்டுக்கோ" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று அக்கா சபதமே எடுத்துவிட்டாள்.

சாதாரணப் பாட்டா அது. ஆர்கன் தனியாக அழும், டிரம்ஸ் நடுவிலேயே தாளத்தை மாற்றிக்கொண்டு வேறு பக்கம் போகும், பாடுகிறவர் வருவதற்குள் அம்மா சோறே வடித்துவிடுவார். "இவன் கல்யாணத்துல வாசிச்சா பந்தியே முடிஞ்சிடும், வாயத் தொறக்க மாட்டான்" என்பார். வாயைத் திறந்தாலோ, கிணற்றுக்குள்ளிருந்து எருமை கூப்பிடுவதுபோல் கனத்த, நிதானமான குரல். "பாவம், இன்னாத்த சாப்ட்டானோ, இப்டி இழுக்குறான்" என்பார் நைனா. அக்காவுக்கு அந்தக் குரல்தான் உயிர். பாடுகிறவர் பெரிய மீசை வைத்த ஆள் என்றுகூட முடிவு செய்திருந்தாள்.

கடைசிக் கேசட்டில்தான் சிக்கல். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அது முடிவதற்குள் ஒவ்வொரு முறையும் பேட்டரி படுத்துவிடும். முடிவு எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஆடி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு மாமாவும் வந்தார்.

"பெட்டி எங்கடி? ஸ்பெஷல் பஸ் போயிடும்."

"ஒரு பாட்டு மட்டும் பாக்கி மாமா. முடியவே மாட்டேங்குது" என்றாள் அக்கா.

மாமா சிரித்துக்கொண்டே கடைத்தெருவுக்குப் போய் நாலு புதுப் பேட்டரி வாங்கி வந்து போட்டார். பாட்டு குதிரை மாதிரிக் கிளம்பியது. பாடியவர் குரலோ, பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துப் பாடும் சிறுமியின் குரல்போல மெல்லிசாக, உச்சியில் நின்றது.

அக்கா பட்டென்று நிறுத்தினாள். "இது அவரு இல்ல. வேற யாரோ பாடறான்."

"அதே ஆளுதான்டி. பேட்டரி செத்துப்போய் இழுத்துக்கினு இருந்தத இத்தன நாளா பாட்டுன்னு கேட்டிருக்குற நீ" என்றார் மாமா.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை, கண் கலங்கிவிட்டது. "இந்த ஆளு பாடி முடிச்சா எனக்கு இன்னா? அவரு முடிக்கணும்" என்றாள். மாமா இரண்டு புதுப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாறையில் காய்ந்த இரண்டைப் போட்டார். குரல் பாதி தூரம் இறங்கி வந்தது. "இவரு அவரோட தம்பின்னு வெச்சிக்க" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். பஸ் போனால் போகட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். கடைசியில் எல்லா வாத்தியமும் ஒன்றாகச் சேர்ந்து ஏறி, ஆர்கன் மட்டும் மிஞ்சி, அதுவும் தேய்ந்து நின்றது. "அப்பாடா, கரை சேத்துட்டான்" என்றார் நைனா.

இன்று அந்தக் குழுவின் பாட்டு முழுவதும் என் போனில் இருக்கிறது. ஒத்திகையில் தப்பும் தவறுமாக வாசித்தவைகூட இருக்கின்றன. பேட்டரியை வெயிலில் வைப்பவர்தான் யாரும் இல்லை. போனில் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். பாட்டு நீள்கிறதே தவிர குரல் கனக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அக்கா வீட்டுக்கு நாம் போய், அவளிடம் இதைச் சொன்னபோது, "அவரு உன் போன்ல எங்கடா இருப்பாரு" என்று சொல்லி, தொண்டையை இறக்கி, மெதுவாக அந்த மெட்டைப் பாடிக் காட்டினாள். பக்கத்தில் இருந்து கேட்டு நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்களே, உங்கள் அத்தை விளையாடவில்லை. எங்கள் டேப்பில் அவர் அப்படியேதான் பாடினார்.