ரோலர்மேல் நிர்மலா

காரைத் தரையோடு கட்டியிருந்த நான்கு பட்டைகளையும் இழுத்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்த நிர்மலா, உள்ளே ஏறாமல் திரும்பிப் போய் முதல் பட்டையை மறுபடியும் இழுத்துப் பார்க்கிறாள்.

"கட்டுனதே நீதான். அப்புறம் என்ன?" என்கிறார் கணவர் முருகவேல்.

"பட்டை அறுந்தா கார் செவுத்துல போயி நிக்குமுங்க. இன்னொருக்கா பாத்தா கை தேஞ்சா போயிரும்?"

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அவர்களுடைய கொட்டகை. முருகவேல் கார்களுக்குப் பெரிய சைலன்சர் மாட்டித் தருபவர். மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எஞ்சினின் இழுவையை அளப்பது நிர்மலாவின் வேலை. தரையில் பதித்த இரும்பு ரோலர்களின்மேல் சக்கரங்களை ஏற்றி, கார் நகராமல் பட்டைகளால் கட்டி, உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பாள். நின்ற இடத்திலேயே கார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பக்கத்து இருக்கையில் லேப்டாப் திரையில் கோடு ஏறும்.

சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, காதில் பஞ்சு. பக்கத்து நிட்டிங் யூனிட்டின் பஞ்சுத் தூசி, காருக்கு முன்னால் வைத்த ஃபேனின் கம்பி வலையை அடைத்துவிட்டால் எஞ்சின் சூடேறிவிடும் என்று, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிடுவாள்.

ஆனாலும் பயம் தீராது. கார் வெளியே போய்விட்டால், "ஊடு போய்ச் சேந்தாங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க" என்று கணவரை நச்சரிப்பாள்.

"நாம சைலன்சர் விக்கறமா, ஊரான் புள்ளைகளுக்குக் காவல் காக்கறமா?" என்பார் அவர்.

போன வாரம் ரித்தீஷ் வந்திருந்தான். பனியன் கம்பெனி முதலாளியின் மகன்; கல்யாணமாகி மூன்று மாதம். புது சைலன்சரின் உறுமலைக் கேட்டு அவன் முகம் பூரித்தது. சாயங்காலம் மனைவி அனுப்பிரியாவோடு தாராபுரம் போகிறானாம்.

"அவிநாசிபாளையத்துப் பக்கம் லாரியா வருமுங்கக்கா. இனி ஒவ்வொண்ணா சட்டுன்னு தாண்டிருவனுங்க."

நிர்மலா மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் கோடு ஒன்றுபோலவே வந்தது. உச்ச வேகத்தில் இரண்டு குதிரைச் சக்தி கூடியிருந்தது. ஆனால் நடுவில், லாரியைத் தாண்ட மிதிக்கிற அந்த வேகத்தில், பழைய சைலன்சரில் இருந்த இழுவை இல்லை. கோடு பள்ளமாக விழுந்து கிடந்தது. அந்தப் பள்ளத்தில் அவள் ஒரு புதுப்பெண்ணின் முகத்தையே பார்த்துவிட்டாள்.

ஜன்னல் வழியே குனிந்து திரையைப் பார்த்த முருகவேல் முந்திக்கொண்டார். "ரெண்டு குதிரை ஏறியிருக்குதுங்க தம்பி."

"பத்துன்னு சொன்னீங்களே அண்ணா, மீதி எட்டு எங்க மேயுது?"

"ஓட ஓட ஏறுமுங்க."

நிர்மலா கணவரைப் பார்த்தாள். சொன்னால் அவர் தலை குனியும். சொல்லாவிட்டால்?

"நடுவுல கொறஞ்சிருக்குதுங்க தம்பி." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "லாரியத் தாண்ட மிதிச்சீங்கன்னா சத்தம் வரும். வண்டி வராது."

முருகவேல் சிரித்து மழுப்பினார். "இவ எப்பவுமே இப்படித்தானுங்க. குக்கர் கத்துனாலே ஊட்ட உட்டு வெளிய ஓடிருவா."

"நாளைக்கு வந்து சரி பண்ணிக்கறனுங்கக்கா. அனு கெளம்பி உக்காந்திருக்கா." ரித்தீஷ் கார் கதவைத் திறந்து பிடித்தபடி, அவள் இறங்குவதற்காகக் காத்து நின்றான்.

"ஏனுங்க, பழைய சைலன்சரையே மாட்டி உட்டுருங்க" என்றாள் அவள், கணவரிடம்.

"தம்பியே போறேங்கறாரு. நீ எறங்கு மொதல்ல."

நிர்மலா இறங்கவில்லை. எதிரே இருந்த சுவரையே பார்த்தபடி, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.